கலங்கிய கரைசலும் ஒரு நூலும்

அறிவியல் வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயர் வரும் இடங்களில், பக்கத்திலேயே ‘தற்செயல்’ என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கெவ்லார் என்ற இழையின் கதை இதற்கு நல்ல உதாரணம். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவச உடைகளில் இருப்பது அந்த இழைதான். ஒரே எடைக்கு ஒப்பிட்டால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையானது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். ஸ்டெஃபனி க்வோலெக் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1965-இல் அதற்கு வழி திறந்தார். குழந்தைகளுக்கான அறிவியல் நூல்களிலும் பொது அறிவுத் தொகுப்புகளிலும் இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: தற்செயலாகக் கண்டுபிடித்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்னென்ன காணாமல் போகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கொஞ்சம் வேதியியலுக்குள்ளும் ஒளியியலுக்குள்ளும் போக வேண்டியிருக்கிறது. க்வோலெக்கின் கண்ணாடிக் குவளையில் இருந்த கரைசல் ஏன் கலங்கியிருந்தது, கலக்கும்போது ஏன் மினுங்கியது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அவர் செய்ததன் அளவை நம்மால் மதிப்பிட முடியாது.

ஸ்டெஃபனி 1923 ஜூலை 31 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ கென்சிங்டனில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தைக்கு இயற்கையைக் கவனிப்பதில் தீராத ஆர்வம். மகளைக் காடுகளுக்கு அழைத்துப்போய் இலைகளையும் விதைகளையும் சேகரிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது தந்தை இறந்துபோனார். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தாய், அலுமினியத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகத் தொடங்கினார். தாய்க்குத் தையல் நன்றாக வரும். மகள் பொம்மைகளுக்கு உடை வெட்டி, அம்மா இல்லாத நேரத்தில் அம்மாவின் தையல் எந்திரத்தில் தைத்துப் பார்ப்பாள். ஆடை வடிவமைப்பாளராகலாம் என்று ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டபோது, இவ்வளவு துல்லியம் பார்க்கும் நீ அந்தத் தொழிலில் பட்டினிதான் கிடப்பாய் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

இந்த விவரத்தை எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘தையல் தெரிந்த பெண் என்பதால்தான் நூல் கண்டுபிடித்தாள்’ என்று கதையை முடித்துவிடுவது எளிது, கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது பெண்ணின் அறிவை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுபோய் அடைப்பது. க்வோலெக் 1946-இல் கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் மாரிசன் பெண்கள் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றவர். மருத்துவம் படிப்பதே அவருடைய விருப்பம். அதற்குக் கையில் பணமில்லை. சில காலம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு பிறகு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம் என்று எண்ணித்தான் டூபாண்ட் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார்.

அந்த நேர்காணல் பற்றி அவரே பின்னாளில் சொன்னது சுவையானது. நேர்காணல் செய்தவர் ஹேல் சார்ச்; ஈரம் புகாத செலோஃபேன் தாளைக் கண்டுபிடித்தவர். இரண்டு வாரத்தில் முடிவைத் தெரிவிக்கிறோம் என்றார். இன்னோர் இடத்துக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, கொஞ்சம் முன்னதாகத் தெரிவிக்க முடியுமா என்று இருபத்து மூன்று வயதுப் பெண் கேட்டார். சார்ச் உடனே செயலாளரை அழைத்து, அவர் முன்னிலையிலேயே வேலைக் கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனதால் ஆய்வகங்களின் கதவுகள் பெண்களுக்குக் கொஞ்சம் திறந்திருந்த காலம் அது. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் உள்ளே வந்த பெண்களில் பலர் வெளியேறினார்கள். க்வோலெக் போகவில்லை. மருத்துவப் படிப்பு கைவிடப்பட்டது; நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலும், 1950 முதல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனிலுமாக நாற்பது ஆண்டுகள் அதே நிறுவனத்தில் இருந்தார். பதவி உயர்வுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை அவ்வளவு சுவாரசியமாக இருந்ததால் இருந்துவிட்டேன் என்பதே அவர் சொன்ன காரணம்.

டூபாண்டுக்கும் பெண்களுக்குமான உறவு அதற்கு முன்பே பெரிதாகப் பேசப்பட்டிருந்தது, வேறு விதத்தில். வாலஸ் கரோதர்ஸின் குழு 1935-இல் அங்கே நைலானை உருவாக்கியது. 1940 மே 15 அன்று நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தபோது பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். போர் வந்ததும் நைலான் பாராசூட்டுகளுக்குப் போனது. போர் முடிந்து காலுறைகள் திரும்பி வந்தபோது கடைகளில் தள்ளுமுள்ளு. செய்தித்தாள்கள் அதை ‘நைலான் கலவரம்’ என்று எழுதிச் சிரித்தன. செயற்கை இழையின் வரலாற்றில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் வாங்குபவள் என்ற இடம்தான். க்வோலெக் நுழைந்தது இழையைச் செய்யும் பக்கத்திலிருந்து.

அவருடைய தனித்திறன் குறைந்த வெப்பத்தில் பாலிமர் செய்வது. பாலிமர் என்பது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு உருவாகும் நீண்ட மூலக்கூறு. நைலான் போன்றவற்றை 200 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கித்தான் செய்துவந்தார்கள். சில பொருட்கள் உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும். அவற்றை அந்த வழியில் சங்கிலியாக்க முடியாது. க்வோலெக்கும் அவருடைய ஆய்வகத் தோழர் பால் மார்கனும் அறை வெப்பத்திலேயே இந்தக் கோப்பைச் செய்யும் முறைகளை வளர்த்தெடுத்தார்கள். இருவரும் சேர்ந்து 1959-இல் வெளியிட்ட ‘நைலான் கயிற்று வித்தை’ என்ற செய்முறை இன்றைக்கும் உலகெங்கும் வகுப்பறைகளில் செய்து காட்டப்படுகிறது: ஒரு குவளையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு திரவங்கள், அவை சந்திக்கும் இடத்தில் படரும் மெல்லிய ஏட்டை இடுக்கியால் பற்றி இழுத்தால், கயிறு அறுபடாமல் வந்துகொண்டே இருக்கும். ஆக, 1965-இல் அந்தக் கலங்கிய கரைசலுக்கு முன் நின்றவர் இந்தத் துறையில் ஏறத்தாழ இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்; அந்தக் கரைசலைச் சாத்தியமாக்கிய முறையையே உருவாக்கியவர்களில் ஒருவர்.

1964-இல் அவருடைய குழு ஒரு புதிய தேடலைத் தொடங்கியது. பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக்குப் பதில் இலேசான, வலுவான இழை கிடைத்தால் வண்டியின் எடை குறையும், எரிபொருள் மிஞ்சும். க்வோலெக் எடுத்துக்கொண்டவை பென்சீன் வளையங்களால் ஆன பாலிமர்கள். இவற்றில் வளையங்கள் எந்தக் கோணத்தில் கோக்கப்படுகின்றன என்பது முக்கியம். சற்றே பக்கவாட்டில் கோத்தால் சங்கிலி வளைந்து வளைந்து போகும். தீயைத் தாங்கும் நோமெக்ஸ் இழை அப்படிப்பட்டது. நேரெதிர் முனைகளில் கோத்தால் சங்கிலி குச்சிபோல விறைத்து நிற்கும். குச்சிகள் எளிதில் கரையாது, உருகவும் உருகாது. இவற்றோடு மல்லுக்கட்டப் பலரும் தயங்கியதற்கு அதுவே காரணம்.

பல முயற்சிகளுக்குப் பிறகு ஒரு கரைப்பானில் அந்தக் குச்சிப் பாலிமர் கரைந்தது. ஆனால் வந்த கரைசல் விசித்திரமாக இருந்தது. இழை நூற்கத் தகுந்த பாலிமர் கரைசல் என்றால் தெளிவாகவும், பாகுபோலக் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாடம். இதுவோ அரிசி களைந்த நீர்போலக் கலங்கி, தண்ணீராக ஓடியது. கண்ணாடிக் கோலால் துழாவினால் அதற்குள் ஒரு மினுமினுப்பு ஓடிற்று. துழாவும் திசையோடு ஒளி பட்டுப்பட்டு மறைந்தது. கலங்கல் என்றால் கரையாத துகள்கள் மிதக்கின்றன, அதாவது கரைசல் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் அனுபவம் உள்ளவர்களும் நினைப்பார்கள்.

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, பார்க்கும் கோணத்தோடு மாறும் ஒளி புதிதல்ல. அங்கே பாவும் ஊடையும் வேறு வேறு நிறம். இரண்டு நூல்களும் இரண்டு திசைகளில் ஓடுவதால் ஒரு பக்கமிருந்து நீலமும் மறுபக்கமிருந்து பச்சையும் மேலெழுகின்றன. க்வோலெக்கின் குவளையில் சாயம் எதுவும் இல்லை. ஆனால் அங்கும் விஷயம் திசைதான். திரவத்துக்குள் மூலக்கூறுகள் திசை பிடித்து நின்றிருந்தன.

திரவத்தில் மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடக்கும், படிகத்தில் அணிவகுத்து நிற்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு என்பது 1888-இல் தெரியவந்தது. பிராகில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃபிரீட்ரிஷ் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாகி, 178.5 டிகிரியில் மறுபடி தெளிவதைக் கண்டார். ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் எப்படி? இயற்பியலாளர் ஒட்டோ லேமன் அதை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, பாய்ந்தோடும் படிகம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்று இதைத் திரவப் படிகம் என்கிறோம். நம் கைக்கடிகாரத்திலும் தொலைக்காட்சித் திரையிலும் இருப்பது இந்த வகைப் பொருள். 1922-இல் ஜார்ஜ் ஃப்ரீடெல் திரவப் படிகங்களை வகைப்படுத்தியபோது, மூலக்கூறுகள் ஒரே திசையை நோக்கி நிற்கும் வகைக்கு ‘நெமட்டிக்’ என்று பெயரிட்டார். உருப்பெருக்கியில் அதற்குள் இழைகள்போலத் தெரிந்ததால், நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்.

குச்சி வடிவ மூலக்கூறுகளை ஓரளவுக்கு மேல் நெருக்கினால் அவை தாமாகவே அணிவகுக்கும் என்று லார்ஸ் ஒன்சாகர் 1949-இலும், பால் ஃப்ளோரி 1956-இலும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் தீக்குச்சிகளைப் போட்டுக்கொண்டே போனால், இடம் குறையக் குறைய அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து அடுங்குவதைப் போன்றது இது. கோட்பாடு இருந்தது. ஆனால் இழை நூற்கும் ஆய்வகத்தில், தானே தயாரித்த ஒரு கரைசலில் அது கண்ணுக்கு முன் நிற்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இப்போது அந்தக் கரைசலின் மூன்று ‘குறைகளையும்’ மறுபடி பார்க்கலாம். அது கலங்கியிருந்தது: குச்சிகள் சிறு சிறு கூட்டங்களாக அணிவகுத்திருந்தன, ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு திசையில். கூட்டங்களின் எல்லையில் ஒளி சிதறியதால் கலங்கலாகத் தெரிந்தது. துகள் எதுவும் மிதக்கவில்லை. அது நீர்த்திருந்தது: தாறுமாறாகக் கிடக்கும் குச்சிகள் ஒன்றையொன்று தடுக்கும், அணிவகுத்த குச்சிகள் ஒன்றையொன்று உரசாமல் வழுக்கிப் போகும். அதனால்தான் இத்தகைய கரைசலில் பாலிமரைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் கெட்டியாகி, ஓர் அளவைத் தாண்டியதும் திடீரென்று இளகுகிறது. அது துழாவும்போது மினுங்கியது: கோல் நகரும்போது திரவத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் சறுக்குகிறது. இந்தச் சறுக்குவிசை குச்சிக் கூட்டங்களைப் பிடித்துத் திருப்புகிறது. திசை மாறினால் ஒளி போகும் விதமும் மாறுகிறது.

முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒளியை ஒரே திசை அதிர்வுக்கு மட்டும் அனுமதிக்கும் இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் பார்வைக்கு இருள்தான். நடுவில் தண்ணீரை வைத்தாலும் இருள். சாதாரண பாலிமர் கரைசலை வைத்தாலும் இருள். திரவப் படிகத்தை வைத்தால் வெளிச்சம் வரும், வண்ணங்களும் கோலங்களும் விரியும். பின்வந்த ஆய்வாளர்கள் இத்தகைய பாலிமர்களை உருப்பெருக்கியின் கீழ் இரண்டு கண்ணாடிகளுக்கிடையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். மெதுவான ஓட்டத்தில் மூலக்கூறுகள் உருண்டு புரள்கின்றன. வேகம் கூடினால் ஓட்டத்தின் திசைக்கு வருகின்றன. ஓட்டத்தை நிறுத்தியதும், ஓடிய திசைக்குக் குறுக்காக, இருளும் ஒளியும் மாறி மாறிப் பட்டை பட்டையாக எழுகின்றன. சேலைக் கொசுவத்தைப் பிடித்திருந்த கையை விட்டதும் மடிப்புகள் தளர்ந்து விழுவதைப்போல, அடக்கி வைக்கப்பட்ட இழுவிசை தளரும்போது ஏற்படும் நெளிவு அது. இந்த ஒளிக் கோலங்களைப் பற்றி இன்று தனித் துறையே இருக்கிறது. க்வோலெக் தன் கண்ணாடிக் கோலால் பார்த்தது அதன் மிக எளிய வடிவம்.

பார்த்தது மட்டும் போதவில்லை. கரைசலை நூலாக்க வேண்டும். அதற்கு ஸ்பின்னரெட் என்ற கருவி: நுண்ணிய துளைகள் கொண்ட சிறு உலோகத் தட்டு, கரைசலை அதன் வழியே அழுத்தினால் இழைகளாக வெளிவரும். அந்தக் கருவியை இயக்கியவர் சார்லஸ் ஸ்மல்லன். கலங்கிய கரைசலைப் பார்த்ததும் அவர் மறுத்துவிட்டார். துகள்கள் துளைகளை அடைத்துவிடும் என்பது அவருடைய கவலை. கருவிக்குப் பொறுப்பானவர் அவர். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. க்வோலெக் கரைசலை வடிகட்டிப் பார்த்தார். துகள் எதுவும் சிக்கவில்லை, கலங்கலும் போகவில்லை. மீண்டும் போய்க் கேட்டார். நாட்கள் கழிந்தன. கடைசியில் ஸ்மல்லன் இசைந்தார். கரைசல் துளைகளை அடைக்கவில்லை, அழகாக நூற்றது.

துளைக்குள் நடந்ததும் துழாவும்போது நடந்ததன் தொடர்ச்சிதான். குவளையில் அங்கங்கே திரும்பிய குச்சிக் கூட்டங்கள், நுண்துளையின் நெருக்கத்தில் எல்லாம் ஒரே திசைக்கு வந்தன. நைலான் இழையை நூற்ற பிறகு பல மடங்கு இழுத்து நீட்டினால்தான் அதன் மூலக்கூறுகள் வரிசைக்கு வரும். இந்த இழை வெளிவரும்போதே வரிசையாக இருந்தது.

சோதனைக்கூடத்திலிருந்து வந்த எண்களை க்வோலெக் நம்பவில்லை. விறைப்பும் வலிமையும் அதுவரை எந்தச் செயற்கை இழையிலும் கண்டிராத அளவு. எங்கோ தவறு நடந்திருக்கலாம் என்று இழையைத் திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பினார். எண்கள் மாறவில்லை என்று உறுதியான பிறகே மேலதிகாரிகளிடம் சொன்னார். தவறாகிப்போனால் என்ன ஆகும் என்ற தயக்கம் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஓர் ஆய்வாளருக்கு இருக்க வேண்டிய கவனம் இது. கூடவே, ஒரு பெண் தவறு செய்தால் அது அவளுடைய தவறாக மட்டும் முடியாது, பெண்களின் தவறாகிவிடும் என்ற இடத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தயக்கத்தின் இன்னொரு பாதியும் புரியும்.

அதனால்தான் ‘தற்செயல்’ என்ற சொல் உறுத்துகிறது. கலங்கிய கரைசல் கிடைத்தது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொட்டாமல் வைத்தது, வடிகட்டி நிரூபித்தது, மறுத்தவரை இசைய வைத்தது, நம்ப முடியாத எண்களை மீண்டும் மீண்டும் சரிபார்த்தது எல்லாம் தற்செயலா? அக்கறையில்லாத ஒருவர் அதைக் கொட்டியிருப்பார் என்று க்வோலெக்கே பின்னர் குறிப்பிட்டார். அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்ததும் தற்செயல்தான். ஆனால் அவருடைய கதையில் அந்தச் சொல் அவருடைய கூர்ந்த பார்வையைப் புகழ்வதற்கான முன்னுரையாக வருகிறது. பெண்ணின் கதையிலோ முன்னுரையோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

காப்புரிமைப் பத்திரங்கள் வேறு மொழியில் பேசுகின்றன. 1972-இல் க்வோலெக்கின் பெயரில் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பே, ஒளியியல் பண்பு திசைக்குத் திசை மாறும் பாலியமைடு கரைசல்கள் என்ற பொருளில் அமைந்தது. அதாவது அவருடைய கண்டுபிடிப்பாகப் பதிவானது முதலில் அந்தக் கலங்கலும் அதன் ஒளியும்தான். இழைக்கான காப்புரிமை 1974-இல் வந்தது. எது குறை என்று மற்றவர்கள் நினைத்தார்களோ அதுவே சட்டப்படி அவருடைய உரிமைக் கோரிக்கையாக நிற்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு பெண்ணும் வேறொரு நூலை இழுத்துக்கொண்டிருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1951-52-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் டி.என்.ஏ. கூழிலிருந்து மெல்லிய இழைகளை இழுத்து, அவற்றின் ஈரப்பதத்தை மிகக் கவனமாகக் கட்டுப்படுத்தி எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தார். டி.என்.ஏ.வும் விறைத்த நீள மூலக்கூறுதான். செறிந்த கரைசலில் அதுவும் திரவப் படிகமாகும். இழுத்தால் அதுவும் வரிசைக்கு வரும். அவருடைய மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த 51-ஆம் படம், அவருக்குத் தெரியாமலே ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. ஃபிராங்க்ளினுக்கு நடந்தது க்வோலெக்குக்கு நடக்கவில்லை. காப்புரிமையில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் பெயர் அவருடையது, உரிமை நிறுவனத்துடையது. கெவ்லாரின் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. நிறுவன ஆய்வகத்தில் வேலை செய்யும் ஆணுக்கும் இதே விதிதான்; ஆனாலும் பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருப்பதும் உழைப்பின் பலன் அவள் கைக்கு வருவதும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையை ஒற்றை நாயகியின் கதையாக்கினாலும் தவறாகும். க்வோலெக்கின் முதல் இழை அப்படியே சந்தைக்கு வரவில்லை. அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, சிறு காற்றிடைவெளி விட்டு நூற்கும் முறையை உருவாக்கிப் பெருமளவு உற்பத்திக்கு வழிசெய்தவர் ஹெர்பர்ட் பிளேட்ஸ். 1971-இல் கெவ்லார் என்ற பெயரில் இழை வெளிவந்தது. பயன்பாடுகளை வளர்க்கும் கட்டத்தில் க்வோலெக்குக்குப் பெரிய பங்கு இல்லை. பாலிமரைச் செய்யப் பயன்பட்ட ஹெக்சாமெத்தில்பாஸ்போரமைடு என்ற கரைப்பான் எலிகளுக்கு மூக்குக்குழியில் புற்றுநோய் உண்டாக்குவது 1975-இல் தெரியவந்தது. பின்னர் வேறு கரைப்பானுக்கு மாறினார்கள். ஆய்வகத்திலும் ஆலையிலும் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள், பெயரில்லாமல். கெவ்லார் உயிர் காக்கிறது. படைகளின், ஆயுதச் சந்தையின் பொருளாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. க்வோலெக் 1986-இல் ஓய்வுபெற்றார். 1995-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மாளிகையில் சேர்க்கப்பட்டபோது அங்கே இடம்பெற்ற நான்காவது பெண் அவர். 1973-இல் தொடங்கிய அமைப்பில் முதல் பெண்ணே 1991-இல்தான், மருந்தியலாளர் கெர்ட்ரூட் எலியன், நுழைந்திருந்தார். அதே 1995-இல் டூபாண்டின் லவாய்சியர் பதக்கம், 1996-இல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 1997-இல் பெர்கின் பதக்கம். ஓய்வுக்குப் பின் பள்ளி மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தார். 2014 ஜூன் 18 அன்று, தொண்ணூறாவது வயதில் இறந்தார்.

தமிழ் படித்த ஒருத்திக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்கலாம். நூல் என்ற சொல்தான் வேலை. பஞ்சிலிருந்து வருவதும் நூல், படிப்பதும் நூல். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு பொருத்திக் காட்டுகிறார்: சொல் பஞ்சு, புலவனின் வாய் கை, அறிவு கதிர். அந்த உவமையில் புலவன் யாராக நிற்கிறான் தெரியுமா? நூற்கும் பெண்ணாக. நூற்பவளின் கைத்திறன் இல்லாமல் நூல் என்ற கருத்தையே விளக்க முடியவில்லை. ஆனால் நூலாசிரியர் வரிசையில் அவளுக்கு இடம் தேடவேண்டியிருக்கிறது. வில்மிங்டனிலும் பவணந்தியிலும் சிக்கல் ஒன்றுதான்: பெண்ணின் கை தெரிகிறது, அந்தக் கைக்குள் இருக்கும் அறிவு அறிவாக எண்ணப்படுவதில்லை.

கெவ்லார் கவச உடையின் வரலாற்றில் இன்னொரு விவரமும் உண்டு. பல பத்தாண்டுகளாக அந்த உடைகள் பெரும்பாலும் ஆண் உடலின் அளவுக்கே வெட்டப்பட்டன. பெண் காவலர்களும் பெண் வீரர்களும் மார்பில் இறுகி, தோளில் தூக்கி, இடுப்பில் இடிக்கும் கவசங்களை அணிந்து வேலை செய்தார்கள். அமெரிக்க ராணுவம் பெண்களின் உடலமைப்புக்கென்று வடிவமைத்த கவசத்தை வழங்கத் தொடங்கியதே 2010-களில்தான். இழையைத் தந்தவர் ஒரு பெண், சிறுவயதில் பொம்மைக்கு அளவெடுத்து உடை வெட்டியவர். ஆனாலும் அந்த இழையில் பெண்ணுக்கு அளவெடுக்க அந்த ராணுவத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஆகவே மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பைப் பற்றிப் படிக்கும்போது ‘தற்செயலாக’ என்ற சொல் வந்தால் அங்கே நிறுத்துங்கள். அவர் அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார், யாரிடம் வாதாடினார், எத்தனை முறை சரிபார்த்தார் என்று தேடுங்கள். பதில் பெரும்பாலும் பதிவுகளில் இருக்கும், க்வோலெக்கின் பதில் காப்புரிமையின் தலைப்பிலேயே இருப்பதைப்போல.